ஜெயித்த சக்கரம்

காலை 7.10. சைக்கிள் பந்தய அணியின் லாரிக்குள் ஒரு கொக்கி காலி. போன மாதம் பெரிய பந்தயத்தையே ஜெயித்துக் கொடுத்ததாக எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடிய புதுமாதிரி முன்சக்கரத்தைக் காணோம்! பத்து மணிக்கு அதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடத்தார் வருவதாக இருந்தது.

7.40. இன்ஸ்பெக்டர் அம்மா வருவதற்குள் முதலாளி தீர்ப்பே எழுதிவிட்டார். திருடன், சைக்கிள் வீரர்தான். வயது முப்பத்தைந்து; அணியோடு ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. "ஜெயிச்சது சக்கரம், இவர் சும்மா மேல உக்காந்திருந்தாரு" என்று பேட்டி கொடுத்தவரே இந்த முதலாளிதான்.

"கோபம் இருந்துச்சா?" என்று வீரரைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"வயிறு எரிஞ்சுது மேடம். ஆனா எடுக்கலை. அவங்க சொல்றது நிஜமோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு."

இதைக் கேட்டதும் இன்ஸ்பெக்டருக்கு மனசு கனத்துப்போனது.

பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு பேரிடம்: சக்கரத்தை வடிவமைத்த இன்ஜினியர், லாரி மெக்கானிக். மெக்கானிக் வீரருடைய மனைவிக்கு அண்ணன். முதலாளிக்கு அது போதாதா!

8.20. லாரிச் சுவரில் போன மாதப் பந்தயத்தன்று எடுத்த விளம்பரப் படம். புறப்படும் கோட்டில் ஒற்றைக் காலை ஊன்றி வீரர் நிற்கிறார். முன்சக்கரத்தில் புதுச் சக்கரத்தின் சிவப்பு ஸ்டிக்கர். டயரின் பெயர் காற்றடிக்கும் மூக்குக்கு நேராக. கொக்கிகளில் தொங்கிய சக்கரங்களிலும் அப்படியே.

"எல்லாத்துலயும் பேரு மூக்குகிட்டயே இருக்கே?"

"தொழில் பழக்கம் மேடம்," என்றார் மெக்கானிக். "டியூப்ல ஓட்டை எங்கன்னு பாத்தா, டயர்ல முள்ளு எங்கன்னு சட்டுனு தெரிஞ்சிடும்."

"காணாமப்போனதுலயும்?"

"அதை யாரு தொட விட்டாங்க? டயரைக்கூட இன்ஜினியர் சாரே மாட்டினாரு. பேரு ஒரு மூலை, மூக்கு ஒரு மூலை. பாத்தாலே கை அரிக்கும்."

"பந்தயத்தன்னிக்கு வண்டியில மாட்டினது?"

"அவருதான். நான் முன்னாடியே கார்ல போயிட்டேன்."

9.05. "எடுத்தது நீங்கதான், இன்ஜினியர் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "படத்துல இருக்கறது மெக்கானிக் மாட்டின டயர். அதாவது பழைய சக்கரம், மேல உங்க ஸ்டிக்கர். புதுசு பந்தயத்துல ஓடவே இல்லை."

இன்ஜினியர் முகம் வெளிறியது. "முந்தின நாளே விரிசல் விட்டுடுச்சு மேடம். இன்னிக்கு சோதிச்சா மானம் போயிருக்கும்." சக்கரம் அவர் கார் டிக்கியில் கிடைத்தது.

"தினமும் அந்தப் படத்தைப் பாக்கறேன், உன் மூஞ்சியைத் தவிர எதையும் பாக்கலியே மாப்ளே!" மெக்கானிக் வீரரைக் கட்டிக்கொண்டார். "ஜெயிச்சது உன் காலுதான்யா!" வீரர் லாரிப் படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

முதலாளி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "பொருள் கிடைச்சாச்சு, புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். சோதனையைத் தள்ளிவெச்சிடலாம். கடைக்கெல்லாம் இதே மாதிரி சக்கரம் விக்கறதுக்குப் போயாச்சே!"

"இவரு?" என்று வீரரைக் காட்டினார் இன்ஸ்பெக்டர்.

"ஒப்பந்தம் முடியுது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

9.40. ஜீப் வரை வீரர் கூடவே வந்தார். "மேடம், நீங்க கண்டுபிடிச்சதை ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா? வேற அணியில வேலை கேக்கறப்போ காட்டுவேன்."

"புகாரே இல்லைன்னா நான் என்னன்னு எழுதறது தம்பி?"

அவர் தலையாட்டினார். தன் சாமான்களை எடுக்க லாரிக்குத் திரும்பிப் போனார்.