எரிந்த பள்ளிக்கூடத்தின் இடாப்பு

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ட்ராம் தரிப்பில் இறங்கி, கார் கழுவுகிற இடத்தையும் மூடிக் கிடக்கும் பப்பையும் தாண்டினால் அந்தக் கட்டடம் வரும். விக்டோரியா மகாராணி காலத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போது ஒரு அறையில் யோகா, இன்னொன்றில் கேக் ஐசிங் வகுப்பு, கடைசி அறையில் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கொடுக்கும் கிரணின் சின்னக் கொம்பனி. வாசலுக்கு மேலே 'பெண்பிள்ளைகள்' என்று கல்லில் வெட்டிய ஆங்கில எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

பெர்னடெற் ஆறு வருடமாக அந்த எழுத்துக்குக் கீழேதான் வேலைக்குப் போகிறாள். நாற்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைக்குத் தாய். இருந்தும் அந்த வாசலில் கால் வைக்கும்போது, பிந்தி வந்த பிள்ளைக்கு வருகிற பதைப்பு ஒன்று வரத்தான் செய்யும். அதை நினைத்துத் தனக்குள்ளேயே சிரித்துக்கொள்வாள்.

அந்த டிசம்பர் வியாழக்கிழமையும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு வந்தாள். மத்தியானம் ஒரு மணி ஷிப்ட். மேசையில் துணியில் சுற்றிய ஒரேயொரு புத்தகம் காத்திருந்தது. பக்கத்தில் கிரணின் குறிப்பு: 'ஸ்கேன் செய்து ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஐந்துக்கு கூரியர் வந்து புத்தகத்தை எடுத்துப் போவான்.'

"என்னெண்டு பார், பெர்னி. காலமையிலயிருந்து எனக்கு இதைத் தொடவே மனமில்லை," என்றாள் வசந்தமலர். ஈஸ்ட் ஹாமிலிருந்து இரண்டு ரயிலும் ஒரு ட்ராமும் மாறி வருகிறவள். ஐம்பத்தெட்டு வயது. கை நன்றாக வேலை செய்யும். வாய் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

"ஏன் அக்கா?"

"மணந்து பார்."

மண்ணெண்ணெய். அதோடு நனைந்த சாம்பல்.

அது ஒரு வரவு இடாப்பு. ரீச்சர்மார் காலையில் பெயர் கூப்பிட்டு அடையாளம் போடுவார்களே, அது. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலாம் ஆண்டு, அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று நடந்த ஓர் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். பெயர்கூடக் கிடையாது, ஆறாம் இலக்கம் என்று ஒரு நம்பர்தான். அடிமையாக இருந்த காலத்தில் அங்கே அந்தச் சனத்துக்கு எழுத்துக் கற்பித்தால் சட்டப்படி குற்றம். விடுதலை கிடைத்ததும் அவர்கள் முதல் வேலையாகத் தாங்களே மரம் தறித்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். பிள்ளைகள் இருக்கிற வாங்குகளுக்கு லண்டனில் ஒரு தரும சங்கம் காசு அனுப்பியது. பஞ்சு பொறுக்கும் காலம் போக, வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான் படிப்பு.

உள்ளே, அந்தச் சங்கத்துக்கு ரீச்சர் எழுதிய கடிதமொன்று மடித்துக் கிடந்தது. 'மேற்பார்வையாளர் புதுச் சப்பாத்து கிறீச்சிட வந்து, இப்படியொரு பள்ளிக்கூடமே இல்லை என்று சிவப்பு மையால் எழுதிவிட்டுப் போனார். அன்றிரவே எரித்துவிட்டார்கள். இடாப்பு என் மடியில் இருந்ததால் தப்பியது. இங்கே இதை வைக்க இனிப் பாதுகாப்பான இடமில்லை. உங்களிடம் இருக்கட்டும்.'

நூற்றைம்பது வருடம் அது லண்டனில் ஒரு பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. இப்போது அலபாமாவில் அந்த நிலத்தில் பெரிய களஞ்சியம் கட்டப் போகிறார்கள். படித்த பிள்ளைகளின் சந்ததியில் வந்த லொரெய்ன் என்ற பெண்மணி, அங்கே பள்ளிக்கூடம் இருந்தது என்று வழக்காடுகிறாள். விசாரணை நாளைக் காலை. அவளிடம் இருக்கப்போகிற ஒரே சாட்சி இந்த இடாப்பு.

இருவரும் வழக்கம்போலத் தொடங்கினார்கள். ஒருவர் பெயரை வாசிப்பார், மற்றவர் கொம்பியூட்டரில் அடிப்பார், பிறகு ஸ்கேன்.

"ஹென்றி, ஆறு வயசு. என்ரை பேரன்ரை வயசு, சரியான குழப்படிக்காரனா இருந்திருப்பான்," என்று வசந்தமலர் தொடங்கினாள். "சில்வி, பதினொண்டு. நாப்பது நாள் வரேல்லை, பஞ்சு பொறுக்கப் போயிட்டுதாம், பாவம். மோசஸ், பத்தொன்பது. மீசையோட வந்து அரிவரி வகுப்பில இருந்திருக்கிறான் பார்! ஃபீபி, வயசு... ஐயோ, அறுபத்தொண்டு! என்னைவிட மூண்டு வயசு கூட, பெர்னி! முதலாம் புத்தகம் படிக்கிறா!"

"அக்கா, கதை சொல்லாமல் பேரை மட்டும் சொல்லுங்கோ. நேரம் போகுது."

முப்பத்தொரு பெயர். வசந்தமலருக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அடித்து முடிக்க மூன்றரையாகிவிட்டது.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலேதான் ஆரம்பிக்கும், பிள்ளைகள் வெளியே பராக்குப் பார்க்கக் கூடாதென்று. வசந்தமலர் தேத்தண்ணி போட்டு வர நடைக் கோடியிலுள்ள சமையலறைக்குப் போனாள். பெர்னடெற் இடாப்பைக் கமராவுக்குக் கீழே விரித்தாள்.

நடையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

புதுத் தோல் சப்பாத்து கிறீச்சிடுகிற சத்தம். அவசரமில்லாத நடை. கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"ஹென்றி," என்றது ஓர் ஆண் குரல், ஆங்கிலத்தில், இழுத்து.

யோகாவுக்கு வந்தவராக்கும் என்று நினைத்தாள். "ஹென்றி." கொஞ்சம் பொறுத்து, மூன்றாம் முறையும், "ஹென்றி."

பிறகு பேனா கீறுகிற சத்தம்.

அவளுடைய கண்ணுக்கு முன்னால், இடாப்பின் முதல் வரியில் மை வற்றியது. ஈரத்தில் ஒற்றுத்தாள் வைத்தால் உறிஞ்சுமே, அப்படி. கொம்பியூட்டரைப் பார்த்தாள். அங்கேயும் முதல் வரி வெறுமை.

"சில்வி." மூன்று முறை. கீறல்.

"மோசஸ்."

மாதாவே, மாதாவே என்று அவளுடைய மனசு அடித்துக்கொண்டது. நாலாவது பெயரைக் கூப்பிடும்போது வசந்தமலர் இரண்டு கோப்பையோடு கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் நடை முழுக்க வெறுமையாகக் கிடந்தது.

"ஃபீபி," என்றது குரல். இப்போது அது அறைக்குள் இருந்தது.

கோப்பைகள் விழுந்து உடைந்தன.

"பெர்னி," என்று கிசுகிசுத்தாள் வசந்தமலர். "வெளிக்கிடு. சாமானை விடு. வா போவம்."

"பேர் அழியுது, அக்கா."

"அழிஞ்சா அழியட்டும்! இது எங்கடை பேரே? வாடி!"

நாலாவது வரியும் போய்விட்டது. வசந்தமலர் ஓடிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல ஏலாது. நீங்களும் நானும் ஓடித்தான் இருப்போம்.

பெர்னடெற்றும் எழும்பினாள். ஓடத்தான் எழும்பினாள். ஆனால் 'இது எங்கடை பேரே' என்ற சொல் அவளை அப்படியே நிறுத்திவிட்டது.

மன்னாரில், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போய் மரத்துக்குக் கீழே அவள் படித்த காலம். பக்கத்தில் இருக்கிறவள் யூஜினா. பன்னிரண்டு வயது, எந்தக் கேள்விக்கும் முதலில் எழும்பி நிற்கிறவள். ஒருநாள் ஷெல் விழுந்து யூஜினா செத்துப்போனாள். அடுத்த நாள் சப்பாத்துப் போட்ட ஆமிக்காரர் சிலர் வந்து, அந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகளே இருக்கவில்லை என்று எழுதச் சொன்னார்கள். ரீச்சர் யூஜினாவின் பெயரை வெட்டினார். மறுநாள் இடாப்புக் கூப்பிடும்போது அந்தப் பெயரைத் தாண்டிப் போனார். அந்த இடைவெளியில், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, முழு வகுப்பும் எழும்பி நின்று கத்தியது: பிரசன்ட் ரீச்சர்!

பள்ளிக்கூடம் மாறிப் போகும்வரை தினமும் கத்தினார்கள். வராத பிள்ளைக்கு வந்த பிள்ளை பதில் சொல்லலாம். அது அவளுக்குத் தெரியும்.

"ஐசக்," என்றது குரல், அவளுடைய தோளுக்குப் பக்கத்தில்.

பெர்னடெற் நிமிர்ந்து நின்றாள்.

"பிரசன்ட்!"

பேனா கீறவில்லை.

ஐந்தாவது வரியில் மை அசையாமல் இருந்தது.

"டேலியா."

"பிரசன்ட்!"

அறை சூடாகத் தொடங்கியது. ஹீட்டர் சூடல்ல அது, மரம் எரிகிற சூடு. மண்ணெண்ணெய் மணம் தொண்டையைப் பிடித்தது. உயர ஜன்னல்களில் செம்மஞ்சள் வெளிச்சம் ஆடியது. சப்பாத்து அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தது. ஒவ்வொரு பெயரும் முந்தினதைவிடக் கிட்ட வந்தது, கடைசியில் காதுக்குள்ளேயே கேட்டது. அவளுக்குக் கண்ணீர் ஓடியது, மூக்கு ஓடியது. ஆனால் கோபம் என்று ஒன்று வந்துவிட்டால் பயத்துக்கு நிற்க இடமிருக்காது. பிரசன்ட், பிரசன்ட் என்று இருபத்தேழு பெயருக்கும் கத்தினாள். இருபத்தேழும் நின்றன.

சப்பாத்து நின்றது.

"முதல் நாலு பேர்?" என்று கேட்டது குரல். அதில் ஒரு சிரிப்பு இருந்தது.

அவளுக்கு நினைவில்லை. அடித்த விரல் அவளுடையதுதான், ஆனால் வேலைக்காரரின் விரல் அடித்ததும் மறந்துவிடும். கேட்டுக்கொண்டே நின்ற பெயர்களும் மூளையில் எங்கேயோ வற்றிவிட்டன. இடாப்பு வெறுமை, கொம்பியூட்டர் வெறுமை. பேனா மெதுவாகக் கீறத் தொடங்கியது. ஐசக்கின் வரி ஓரத்தில் வெளிறியது.

"ஹென்றி!"

கதவடியில் வசந்தமலர். ஒரு காலில் மட்டும் சப்பாத்து. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள், ஆனால் வாய் நடுங்கவில்லை.

"ஆறு வயசு, குழப்படிக்காரன்! எனக்குத் தெரியும்! சில்வி, பஞ்சு பொறுக்கப் போன பிள்ளை! மோசஸ், மீசைக்காரன்! ஃபீபி, என்னைவிட மூண்டு வயசு மூப்பு! ஆரடா நீ, இல்லையெண்டு சொல்ல? நான்தானே வாசிச்சனான்!"

பெர்னடெற் பதில் சொல்ல வாய் திறந்தாள்.

தேவைப்படவில்லை.

"பிரசன்ட்," என்றது ஒரு சின்னக் குரல், மேசைக்குக் கீழேயிருந்து.

"பிரசன்ட்." ஒரு பெண்பிள்ளை, மூச்சு வாங்க, தூரத்திலிருந்து ஓடி வந்தவள் போல.

"பிரசன்ட்." இன்னும் முழுதாக முற்றாத ஓர் ஆண் குரல்.

கடைசியாக ஒரு முதிய பெண்ணின் குரல். அந்தச் சொல்லை அவள் அவசரப்படுத்தவில்லை. வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லக் காத்திருந்தவள் போல, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

செம்மஞ்சள் வெளிச்சம் அணைந்தது. நாலு வரியிலும் பழுப்பு மை ஊறி வந்தது, கொம்பியூட்டரிலும் பெயர்கள் திரும்பின. சப்பாத்துச் சத்தம் பின்வாங்கி, நடையில் இறங்கி, மங்கியது.

இருவரும் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தார்கள். நாலு ஐம்பத்திரண்டுக்கு பெர்னடெற் அனுப்பும் பொத்தானை அமத்தினாள். பிறகு வசந்தமலர் கதிரையில் பொத்தென்று விழுந்து, "என்ரை மற்றச் சப்பாத்து எங்கை?" என்று கேட்டாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அழுதார்கள், எது எதென்று அவர்களுக்கே தெரியவில்லை.

நாலு நிமிடத்தில் லொரெய்னின் பதில் வந்தது. தான் வேலைத்தலத்தில் இருந்து அழுவதாக எழுதியிருந்தாள். இதை வைத்துக்கொண்டு நாளை எவரும் அந்த மண்ணில் கை வைக்க முடியாது என்றாள். கீழே ஒரு கேள்வி: 'முப்பத்தொரு பேர் என்று சொன்னீர்கள். நான் எண்ணினால் முப்பத்திரண்டு வருகிறது. கடைசிப் பிள்ளை எங்கள் குடும்பங்களில் எவருடைய பட்டியலிலும் இல்லை. இது யார்?'

வசந்தமலர் இடாப்பை இழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அதே பழுப்பு மை, அதே ரீச்சரின் கையெழுத்து. பள்ளிக்கூடம் எரிந்த அந்தக் கடைசி நாளின் கட்டங்கள் மத்தியானம் அவர்கள் பார்த்தபோது வெறுமையாக இருந்தன. இப்போது எல்லாவற்றிலும் வந்ததற்கான அடையாளம் போட்டிருந்தது.

"யூ... ஜினா," என்று அவள் எழுத்துக் கூட்டினாள். "வயசு பன்னிரண்டு. நான் இதை வாசிக்கேல்லையே. ஆரடி பெர்னி இது?"

பெர்னடெற் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள்.

நடையில் தோல் சப்பாத்து கிறீச்சிட்டது. அவசரமில்லாமல் வந்து, கதவுக்கு வெளியே நின்றது.

"யூஜினா," என்றது.

வசந்தமலர் பெர்னடெற்றின் கையைப் பிடித்தாள். பெர்னடெற் தோழிக்காகப் பதில் சொல்ல மூச்சை இழுத்தாள்.

அதற்குள் அவளுடைய கதிரைக்குப் பின்னால் யாரோ முந்திக்கொண்டு எழும்புகிற சத்தம் கேட்டது.

"பிரசன்ட் ரீச்சர்!"