கல் வைக்கும் உத்தியோகம்

மகாராஜா ஆண்ட காலத்துத் திருவனந்தபுரத்தில், கரமனை அக்கிரகாரத்துக்கு முதல் மோட்டார் வந்தபோது, தெருவில் படுத்திருந்த பசுக்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தன. பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டன. வண்டி அவ்வளவு சிறியது.

அதை வாங்கியவர் சுந்தரராமன். மகாராஜா சர்க்காரின் தலைமை ஆபீசான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. விஜயத்துக்குச் சித்தப்பா. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது மலிவாக விற்றுவிட்டுப் போன பேபி கார் அது.

"நாலு பேர் தாராளமா உட்காரலாம்" என்று சித்தப்பா எல்லோரிடமும் சொன்னார்.

அந்த நாலு பேர் எந்த ஊர்க்காரர்களோ தெரியவில்லை. கரமனையில் அந்த அளவில் ஆட்கள் இல்லை.

வண்டியை நிறுத்த வீட்டின் பின்புறம் பழைய மாட்டுக் கொட்டில் இருந்தது. ஆற்றங்கரைச் சந்திலிருந்து ஒரு மேடு ஏறித்தான் அங்கே போக வேண்டும். உள்ளே திருப்ப இடமில்லாததால் சித்தப்பா தினமும் வண்டியைப் பின்பக்கமாகவே ஏற்றுவார். ஒருநாள் ஓர் ஆசைக்கு முன்பக்கமாக ஏற்றிப் பார்த்தார். வண்டி பாதி மேட்டில் இருமியது, தும்மியது, நின்றுவிட்டது. திருப்பிப் பின்பக்கமாக விட்டார். சமர்த்தாக ஏறிவிட்டது.

"அதுக்கு வழக்கம் மாறினா பிடிக்காது. கச்சேரியில் இருக்கிற எங்க சூப்ரண்ட் மாதிரி" என்று சித்தப்பா காரணம் சொன்னார்.

வண்டியில் பிரேக் இருந்தது. ஆனால் அது எப்போதாவதுதான் பிடிக்கும். அதனால் மேட்டில் வண்டி நின்றதும் சித்தப்பா "வை!" என்று கத்துவார். விஜயம் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைப்பாள். ஆற்றில் அவளே தேடி எடுத்த கருங்கல். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் சரிவு. பத்து வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. சம்பளம் கிடையாது.

ஆனி மாதம் பிறந்து குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவும் சேர்ந்து வந்தது.

"விஜயம், இந்தத் தடவை நீயும் சித்தியும் நானும். நம்ம வண்டியிலேயே குற்றாலம்!" என்றார் சித்தப்பா.

விஜயத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போன வருஷம் எல்லோரும் ரயிலில் குற்றாலம் போனபோது அவளுக்கு மணல்வாரி அம்மை. திரும்பி வந்த அண்ணன்மார் தீபாவளி வரைக்கும் அருவியைப் பற்றியே பேசினார்கள். "உனக்குச் சொன்னாப் புரியாது, விஜயம்" என்று ஒவ்வொரு தடவையும் முடிப்பார்கள். அது அம்மையைவிடக் கடுமையாக அரித்தது.

செய்தி தெருவில் பரவியது. அங்கேதான் வினை.

கரமனையில் ஒருவர் வெளியூர் கிளம்பினால், அவரோடு தெருவும் கிளம்பும். பொட்டலமாக, மூட்டையாக, தகர டப்பாவாக. வாங்க மாட்டேன் என்று சொல்வது யாருக்கும் வழக்கமில்லை. சித்தப்பாவுக்கு வாயே திறக்க முடியாது. காசிக்குப் போன ஒருவரிடம், மதுரையில் இருக்கும் மச்சினிக்கு அம்மிக்குழவி கொடுத்து அனுப்பியவர் அவர்.

கிளம்பும் நாள் காலையில் முதலில் வந்தவள் எதிர்வீட்டு நாகலக்ஷ்மி மாமி. கையில் ஒரு பெரிய டப்பா.

"செங்கோட்டையில என் பொண்ணுக்கு நேந்திரங்காய் வறுவல். ஒரு ஓரமா வச்சுக்கோ, சுந்தரா."

அடுத்து வெங்கடசுப்ரமணிய மாமா ஒரு கல்சட்டியோடு வந்தார். அதற்கடுத்து ஒரு கோரைப்பாய். ஒரு கறிவேப்பிலைக் கன்று, மண்ணோடு. மூலைவீட்டு மாமி தலையில் துணி வைத்து ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமி, குற்றாலத்துல பலாப்பழம் கிடைக்குமே!" என்றாள் விஜயம்.

"கிடைக்கும், யாரு இல்லைன்னா? ஆனா அது குற்றாலத்துப் பழம் அல்லே?" என்றாள் மாமி.

பழமும் வண்டியில் ஏறியது.

பின்சீட்டு நிறைந்தது. சித்தி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எல்லாம் சரி, குழந்தை எங்க உட்காருவா?"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "விஜயம்... நீ சமர்த்துதானே? அடுத்த வருஷம் கட்டாயம்..."

விஜயத்தின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அருவியே அங்கே வந்துவிடும்போல் இருந்தது. அவள் கொட்டிலுக்குப் போனாள். இரண்டு கையாலும் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சித்தப்பா, இதையாவது எடுத்துண்டு போங்கோ."

"இது எதுக்கு?"

"ஆரியங்காவுப் பக்கம் பெரிய மேடாமே. 'வை'ன்னு நீங்க சொன்னதும் சித்தியைக் குதிச்சு வைக்கச் சொல்லுங்கோ. சக்கரம் உருளறதுக்குள்ள வைக்கணும், அவ்வளவுதான். சேறு கொஞ்சம் தெறிக்கும்."

சித்தி தன் புது மடிசார் புடவையைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் எழுதக் கச்சேரியிலும் ஆள் கிடையாது.

ஐந்தாவது நிமிஷம் விஜயம் பின்சீட்டில் இருந்தாள். மடியில் பலாப்பழம். காலடியில் கல். மூக்குக்கு நேரே கறிவேப்பிலை. ராஜகுமாரி மாதிரி இருந்தது.

நெடுமங்காடு போயிற்று. பாலோடு போயிற்று. வண்டி ஓடும்போது எல்லாம் ஓடின, கல்சட்டி உட்பட. குளத்துப்புழையில் ஆற்று மீன்களுக்குப் பொரி போட்டார்கள். தென்மலையில் ஒரு காப்பிக்கடையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

கடைக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எந்தா சாமீ, வீடு மாறுகயாணோ?"

"இல்லை, குற்றாலத்துல குளிக்கப் போறோம்" என்றார் சித்தப்பா.

கடைக்காரர் கல்சட்டியையும் பாயையும் கறிவேப்பிலைக் கன்றையும் இன்னொரு தடவை பார்த்தார். "நல்லா குளிக்கணும்" என்றார்.

கழுதுருட்டி தாண்டியதும் மேடு நிமிர்ந்தது. வண்டி இருமியது. தும்மியது. நின்றது.

"வை!"

விஜயம் பலாப்பழத்தைச் சித்தி பக்கம் தள்ளிவிட்டுக் குதித்தாள். கல்லை வைத்தாள். சித்தப்பா கைப்பிடியைச் சுழற்றி மறுபடி கிளப்பினார். பத்தடி போயிற்று.

"வை!"

இப்படியே மலையில் பாதியை விஜயம் கல்லால் அளந்தாள். கடைசியில் வண்டி ஓரிடத்தில் ஒரேயடியாக மறுத்துவிட்டது. சித்தப்பா கெஞ்சினார். பிறகு இங்கிலீஷில் திட்டினார். வண்டிக்கு இங்கிலீஷ் புரியும் என்பது அவர் நம்பிக்கை. அதற்கும் அசையவில்லை.

அவர் ஒரு மைல்கல்லின்மேல் உட்கார்ந்து யோசித்தார்.

"பாரம் குறையணும். வேற வழியில்லை. கொஞ்ச நேரத்துல புனலூர் பஸ் இறங்கி வரும். நீயும் விஜயமும் அதுல ஊருக்குத் திரும்பிப் போயிடுங்கோ. நான் சாமானை மட்டும் செங்கோட்டையில சேர்த்துட்டு வந்துடறேன்."

சித்தி இடுப்பில் கை வைத்தாள். "சாமானை இறக்கிட்டு எங்களைக் கூட்டிண்டு போகக் கூடாதா?"

"எப்படி முடியும்? ஆளை இறக்கினா ஆள் கோவிச்சுப்பா, ரெண்டு நாள்ல சரியாயிடும். அடுத்தாத்துக் கல்சட்டியை இறக்கினா, அப்புறம் அந்தத் தெருவில் குடியிருக்க முடியுமா?"

மேலே, எங்கோ வளைவில், பஸ்ஸா லாரியா தெரியவில்லை, ஹாரன் சத்தம் கேட்டது. விஜயம் வளைவைப் பார்த்தாள். இத்தனை தூரம் வந்துவிட்டு, மறுபடியும் "உனக்குச் சொன்னாப் புரியாது" கேட்கவேண்டுமா?

அவள் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தாள். கல்லைப் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். இந்தக் கல்லைக் கொட்டில் மேட்டில் அவள் எப்போதும் எந்தச் சக்கரத்துக்கு வைப்பாள்? முன்சக்கரத்துக்கு. இங்கே ஏன் பின்சக்கரத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள்?

"சித்தப்பா! கொட்டிலுக்கு இது எப்படி ஏறும்?"

"பின்பக்கமா ஏறும்."

"முன்பக்கமா ஏத்தினப்போ?"

"இருமித்து. இப்போ மாதிரியே..." சித்தப்பா பாதியில் நிறுத்தினார். அவருக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்தது. "அதெப்படி? ஹஜூர் கச்சேரி குமாஸ்தா ஆரியங்காவு வரைக்கும் பின்பக்கமாப் போறதா? நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவா?"

விஜயம் சுற்றிலும் பார்த்தாள்.

"இங்க நாலு பேர் இல்லை சித்தப்பா. மூணு குரங்குதான் இருக்கு."

சித்தி சிரித்துவிட்டாள். குரங்குகள் சிரிக்கவில்லை.

ஹாரன் அடித்தது லாரிதான். அது தாண்டிப் போனதும், பாதை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில், கல் வைத்து, தள்ளி, மறுபடி கல் வைத்து, வண்டியைத் திருப்பினார்கள். இப்போது வண்டியின் மூக்கு திருவனந்தபுரத்தைப் பார்த்தது. முதுகு செங்கோட்டையைப் பார்த்தது. சித்தப்பா ஏறி உட்கார்ந்து தலையைத் திருப்பினார். கறிவேப்பிலை தெரிந்தது. பாய் தெரிந்தது. பாதை தெரியவில்லை.

"நான் சொல்றேன்!" என்று விஜயம் வண்டியின் துணிக்கூரையை மடித்துவிட்டு, வறுவல் டப்பாவின்மேல் மண்டியிட்டு ஏறினாள். பாயைச் சித்தி பிடித்துக்கொண்டாள்.

வண்டி உறுமியது. இருமவில்லை. தும்மவில்லை. மெதுவாக, தன் கொட்டிலுக்குப் போவதுபோல, பின்பக்கமாக மேடேறியது.

"வலது சித்தப்பா! இன்னும் வலது! அய்யோ, போதும்! இப்போ நேரே!"

மேலே பாலத்தில் ரயில் ஒன்று போனது. ஜன்னல்களில் இருந்த தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின. விஜயம் கையை ஆட்டினாள்.

எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரர் மாடுகளை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சாமி, கேட்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. நீங்க போறீங்களா, வர்றீங்களா?"

"போறோம்!" என்றாள் விஜயம்.

"அப்ப சரி" என்றார் வண்டிக்காரர். மாடுகளுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. வண்டி வளைவில் மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தன.

ஆரியங்காவு வந்தது. வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சித்தப்பா இறங்கி, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"சீமையில எல்லாரும் மலை ஏறறது இப்படித்தான்" என்று கூட்டத்திடம் விளக்கினார். "அப்படிப் போனா பெட்ரோல் சரியா இறங்கும். இதெல்லாம் படிச்சாத்தான் தெரியும்."

"எந்தப் புஸ்தகத்துல?" என்று சித்தி கேட்டாள். ஹாரனைத் துடைப்பதில் சித்தப்பா மும்முரமாகிவிட்டார். சித்தி பலாப்பழத்தைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, முன்சீட்டில் விஜயத்துக்கும் ஓரிடம் ஒதுக்கினாள்.

செங்கோட்டையில் டப்பா இறங்கியது. கல்சட்டி இறங்கியது. எந்தப் பொருள் எந்த வீட்டுக்கு என்று சித்தப்பா குழம்பியபோதெல்லாம் விஜயம் சொன்னாள். நாகலக்ஷ்மி மாமியின் மகள் டப்பாவைத் திறந்து, அம்மாவின் கைமணத்தை முகர்ந்து, அங்கேயே நின்று ஒரு பிடி தின்றாள். டப்பாவின்மேல் மண்டியிட்டு வந்தது பற்றி விஜயம் எதுவும் சொல்லவில்லை. வறுவல் கொஞ்சம் நொறுங்கித்தான் இருந்தது.

மறுநாள் காலை, குற்றாலம்.

விஜயமும் சித்தியும் பெண்கள் பக்கம் போனார்கள். அருவி தலையில் விழுந்தது. தோளில் விழுந்தது. காதுக்குள் இரைந்தது. கத்தினால் கத்தியது கேட்கவில்லை, சிரித்தால் சிரித்தது கேட்கவில்லை. அண்ணன்மார் சொன்னது ஒரு விதத்தில் சரிதான். இதைச் சொன்னால் புரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் பார்த்தாள். சித்தப்பா வேட்டியை இறுக்கிக் கட்டி, உடம்பெல்லாம் எண்ணெய் பளபளக்க, தூரத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் அடி முன்னால் வைப்பார். அருவி உறுமும். இரண்டு அடி பின்னால் போவார்.

"சித்தப்பா! வாங்கோ!" என்று விஜயம் இரண்டு கையையும் ஆட்டினாள்.

சித்தப்பா யோசித்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்பக்கமாக வர ஆரம்பித்தார்.

"வலது!" என்று விஜயம் கத்தினாள். "இன்னும் வலது! நேரே!"

தண்ணீர் தடாலென்று அவர் தலையில் இறங்கியது. பாசிப் பாறையில் கால் வழுக்கியது. அத்தனை அருவிச் சத்தத்தையும் மீறி, சித்தப்பாவின் குரல் பெண்கள் பக்கம்வரை கேட்டது:

"விஜயம், கல்லை வை!"