முயல் காதுக்கு இருபத்தாறு டிகிரி

மார்கழி மாதத்தில் வடவள்ளி தளிர் பாலர் பள்ளியின் முதல் வேலை கடவுள் வாழ்த்து அல்ல, பசையை உருக்குவது. ஆசிரியை கமலவேணி வீட்டிலிருந்து கிளம்பும்போதே பசை டப்பாவைச் சால்வைக்குள் அக்குளில் இடுக்கிக்கொள்வாள். ஒருமுறை பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி, "காய்ச்சலுங்களா? தர்மாமீட்டரை இவ்வளவு நேரமா வெச்சிருக்கீங்க?" என்று பரிவோடு விசாரித்தாள். "இல்லீங்க, பசை" என்று வேணி சொன்னதும் அந்தம்மாள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

கோயம்புத்தூரில் பசை உறையும் காலம் வரும் என்று வேணியின் பெற்றோர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் காலத்தில் வெயில் தாங்காமல் வானத்தில் வான்குடை விரித்தார்கள். சூரியனை மறைக்கும் மெல்லிய தூசித் திரை அது. குடை கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. சுருக்குவது எப்படி என்று இன்னும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் குளிர்காலத்தில் வடவள்ளி வாய்க்காலில் மேலாகப் பனிக்கட்டி படரும், அரிசியைப் போல வெப்பத்தையும் பங்கிட்டுத்தான் கொடுப்பார்கள்.

பங்கிடுவது வெப்பக்கண். எல்லாக் கட்டடத்தின் கூரையிலும் தோசைக்கல் அகலத்துக்கு ஒன்று பதிந்திருக்கும். வேணி உள்ளே நுழைந்ததும் அது பேசியது.

"வணக்கம். பெரியவர் ஒருவர். பதினாறு டிகிரி."

"ஒரு டிகிரி சேர்த்துப் போட்டா உன் சொத்தா அழிஞ்சுரும்?" என்றபடி பின்னாலேயே வந்தாள் ஆயா சரசு. அது பதில் சொல்லாது என்று தெரிந்தும் தினமும் கேட்பாள்.

பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொன்றும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு முட்டைக்கோசு மாதிரி உருண்டு வந்தது. மூக்கு ஒழுகியது, கையை மடக்க முடியாததால் துடைக்க அடுத்த பிள்ளையின் கை தேவைப்பட்டது. இருமல் வகுப்பின் ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாகச் சுற்றி வந்தது. வேணி வந்தவர்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். நேற்றைவிடக் குறைவு. பொங்கலுக்குள் பாதிப் பேர் நின்றுவிட்டால் குளிர்காலம் முழுக்கப் பள்ளியைப் பூட்டச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் இந்த முட்டைக்கோசுகள் தனித்தனி வீட்டில், தனித்தனிப் போர்வைக்குள், திரையைப் பார்த்து 'அ, ஆ' சொல்லிக்கொண்டிருக்கும்.

சூட்டைக் கூட்டித் தரச் சொல்லி மூன்று குளிர்காலமாக அவள் வெப்பப் பங்கீட்டு வாரியத்துக்கு மனுப் போட்டாயிற்று. மூன்று முறையும் வெப்ப ஆய்வாளர் குழந்தைவேல் நேரில் வந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "சட்டத்துல எடமில்லீங்களே" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். பெயரைப் பார்த்து நம்பியது தன் தப்பு என்று வேணி நினைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வடிவம் ஒட்டி மிருகம் பண்ணப் போறோம்" என்றாள் பிள்ளைகளிடம். "வட்டம் இருக்கு, முக்கோணம் இருக்கு, நீட்டு முட்டை இருக்கு. யாருக்கு என்ன மிருகம் வேணுமோ ஒட்டிக்கலாம்."

வண்ணத் தாள்களை வெட்டி நடுவில் குவித்தாள். நறுமுகை உடனே இரண்டு நீட்டு முட்டைகளைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான்கு வயது, எதையும் யோசித்த பிறகு செய்யும் பழக்கம் கிடையாது. அவளுக்குப் பக்கத்தில் ரஃபீக். அவன் நேர் எதிர். ஒரு கறுப்பு வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மிஸ், முயல்" என்று முதலில் கத்தியவள் நறுமுகைதான். பெரிய வட்டம் உடம்பு, சின்ன வட்டம் தலை, அதற்கு மேல் இரண்டு நீட்டு முட்டைகள். ஒரு காது மேலே, ஒரு காது பக்கவாட்டில். வேணி அதைக் கிளிப் போட்டு வகுப்பின் குறுக்கே கட்டிய கயிற்றில் மாட்டினாள்.

கூரையில் மெல்ல விர்ரென்று ஒரு சத்தம்.

"முயல் ஒன்று" என்றது வெப்பக்கண். அதன் குரலில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு குழைவு. "அரிய உயிரினம். தங்கள் வருகைக்கு நன்றி. இருபத்தாறு டிகிரி."

சுவரோரக் குழாய்கள் சோம்பல் முறிப்பதுபோல் டொக்கென்றன. கணுக்காலில் ஏதோ இதமாகப் படர்ந்தது. வேணி ஒன்றும் புரியாமல் நின்றாள். சரசு ஒரு கையில் விளக்குமாறோடு அசையாமல் நின்று, பிறகு கிசுகிசுத்தாள்.

"டீச்சரு, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நானும் ஒண்ணும் பாக்கல."

"அக்கா, அது காகிதம்."

"அது அதுக்குத் தெரியுமா?"

அதுக்குத் தெரியவில்லை. மணியடிப்பதற்குள் கயிற்றில் இரண்டு பூனை, ஒரு யானை, பன்றியா நாயா என்று செய்தவனுக்கே தெரியாத ஒன்று எல்லாம் தொங்கின. வெப்பக்கண் அத்தனைக்கும் தனித்தனியாக நன்றி சொன்னது. இத்தனைக்கும் பள்ளியின் நிஜப் பூனை பொட்டு, அலமாரியின் மேல் சுருண்டு படுத்தபடி வருஷக்கணக்காக அதன் பார்வையில்தான் இருக்கிறது. அதை வெப்பக்கண் 'மெத்தை' என்று எழுதி வைத்திருந்தது.

பிள்ளைகள் ஒவ்வொரு ஸ்வெட்டராக உரித்தார்கள். உள்ளே ஒல்லி ஒல்லியாகக் கை, கால், கழுத்து எல்லாம் இருந்தன. ஒருத்தி தன் முழங்கையைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். அழைத்துப்போக வந்த அம்மாக்கள் சித்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதாகச் சொல்லி, அந்தியாகும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் வருகை கூடியது. அதற்கு மறுநாள் இருமல் நின்றது.

வேணிக்குத்தான் தூக்கம் நின்றது. அரிய உயிரினத்துக்குச் சூடு கூட்டிக் கொடுப்பது சட்டம், அது தங்கும் இடத்துக்கு ஆய்வாளர் வந்து பார்த்துப்போவது வழக்கம். வந்தார்.

குழந்தைவேல் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, யானையைப் பார்க்க வந்தவருக்குரிய மரியாதையோடு அடிமேல் அடி வைத்து உள்ளே வந்தார். நாற்பதை நெருங்கும் நெட்டையான ஆள், கழுத்தில் கம்பளித் துண்டு.

"யானை எங்கீங்க?" என்றார் தணிந்த குரலில்.

வேணி கயிற்றைக் காட்டினாள். சாம்பல் நிற வட்டத்திலிருந்து ஒரு தும்பிக்கை, பாதி உரிந்து ஆடிக்கொண்டிருந்தது.

அவர் யானையைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். வேணியைப் பார்க்காமல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அதே நேரம் பார்த்து, நான்கு நாளாக ஒட்டிக்கொண்டிருந்த ரஃபீக் தலை நிமிர்ந்தான்.

"முடிஞ்சுது" என்று சொல்லி, ஸ்டூலில் ஏறித் தானே மாட்டினான். கறுப்பு வட்டம், வெள்ளை வயிறு, ஆரஞ்சு முக்கோண மூக்கு.

"பென்குயின் ஒன்று" என்றது வெப்பக்கண், உணர்ச்சிவசப்பட்டு. "மிக அரிய உயிரினம். ஒரு டிகிரி."

குழாய்கள் ஐஸ் காற்றை ஊதின. "முயலுக்கு இருபத்தாறு" என்று அதுவே நினைவுபடுத்திக்கொண்டு சூட்டை ஊதியது. "பென்குயினுக்கு ஒன்று." மறுபடி ஐஸ். பிள்ளைகள் ஸ்வெட்டரைப் போட்டார்கள், கழற்றினார்கள், போட்டார்கள்.

"ரஃபீக், சாமி, அதைச் சித்த நேரம் எறக்கி வெச்சுக்கலாமா?"

"மாட்டேன் மிஸ். அவன் இப்பத்தான வந்தான்."

பல் கிட்டிப்போன நிலையிலும் குழந்தைவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் விழுந்தது.

"என் தப்புங்க இது" என்றார். "இந்தக் கண்ணுக்கு மிருகங்களைக் காட்டிப் பழக்குனது நானுங்க. பாக்கறதுக்கு மிருகம்தான் எங்கீங்க இருக்கு? போட்டோ கேட்டும் வாரியத்துல குடுக்கல. எங்கக்கா பையனோட பாலர் புத்தகம் ஒண்ணு வீட்ல கெடந்துச்சு. வட்டம் தலை, முக்கோணம் காதுன்னா பூனை. நீட்டுக் காதுன்னா முயல். அதைக் காட்டித்தான் சொல்லிக் குடுத்தனுங்."

"எங்க பிள்ளைங்களுக்கும் அதேதானுங்க சொல்லிக் குடுத்தேன்."

"அதான் ஒண்ணா ஒத்துப்போச்சு."

வேணிக்கு அவர்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. வந்த சூட்டோடு கேட்டுவிட்டாள். "அது சரிங்க. முயலுக்குக் குடுக்கறதை இதுகளுக்குக் குடுத்தா என்ன?"

"ஒரு பருவத்துல எந்த உயிரு கண்ணுல படறது குறைஞ்சு போகுதோ, அதை வெப்பக்கண் தானாவே அரிய உயிரினமாச் சேத்துக்கும். போன வருசம் காக்காயைச் சேத்துச்சு. குழந்தைகளுக்கு எங்கீங்க குறைச்சல்? தெருவுக்குத் தெரு இருக்குதே." துண்டை இறுக்கிக்கொண்டு எழுந்தார். "கண்டுபிடிச்ச பொறவு நான் சும்மா போக முடியாதுங்க."

கூரையைப் பார்த்து, "கயிற்றில் உள்ளவை காகிதம். உயிரில்லை" என்றார்.

"வருந்துகிறேன்" என்றது வெப்பக்கண். உண்மையாகவே வருந்துவதுபோல் இருந்தது. "மனிதர் மட்டும். பதினாறு டிகிரி."

குழாய்கள் அடங்கின. வேணி ஸ்வெட்டர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். நறுமுகை மட்டும் ஆய்வாளரின் எதிரே போய் நின்றாள்.

"மாமா, முயலுக்கு மட்டும் ஏன் சூடு?"

"முயலால ஸ்வெட்டர் போட்டுக்க முடியாதல்ல, கண்ணு."

நறுமுகை கயிற்றிலிருந்து முயலைப் பிடுங்கித் தன் ஸ்வெட்டருக்குள் திணித்தாள். தலை மட்டும் வெளியே தெரிந்தது. "இப்பப் போட்டுக்கிச்சு. அதுக்கும் சூடு வேண்டாம்னு சொல்லிருங்க."

முயலின் காதுகள் ஏற்கனவே உரிந்துகொண்டிருந்தன. நறுமுகை அவற்றை முழுசாகப் பிய்த்துத் தன் குல்லாயில் ஒட்டிக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நானு?"

விர்ரென்றது கூரை.

"முயல் ஒன்று." வெப்பக்கண் தயங்கியது. ஒருமுறை ஏமாந்ததாயிற்றே. "ஆய்வாளர் உறுதி செய்யவும். இது காகிதமா?"

வேணி குழந்தைவேலைப் பார்த்தாள். சரசு விளக்குமாற்றைப் பார்த்தாள். மனுவை மூன்று முறை திருப்பி அனுப்பிய மனிதர், நறுமுகையின் ஒழுகும் மூக்கைப் பார்த்தார்.

"இல்லை" என்றார்.

"உயிருள்ளதா?"

"உயிருள்ளது. நல்லாவே உயிருள்ளது."

"மகிழ்ச்சி. இருபத்தாறு டிகிரி."

அதற்குப் பிறகு நடந்ததை வகுப்பு என்று சொல்ல முடியாது. எல்லாக் கைகளும் நீட்டு முட்டைக்குப் பாய்ந்தன. ரஃபீக் மட்டும் கறுப்பு வட்டத்தை மார்பில் பிடித்துக்கொண்டு, "நான் பென்குயின்" என்றான். வகுப்பே நடுங்கியது. நெட்டையான மனிதர் அவன் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"தம்பி, பென்குயினுக்குக் காது கெடையாது, பாவம். நாம ஒரு ஜோடி வெச்சுடலாமா?"

ரஃபீக் யோசித்தான். எல்லாரும் காத்திருந்தார்கள். "நீங்க வெச்சா நானும் வெச்சுக்கறேன்" என்றான் கடைசியில். காகிதப் பென்குயினை ஃப்ரிட்ஜில் குடிவைப்பது, தினமும் ஒருமுறை போய்ப் பார்ப்பது என்றும் முடிவாயிற்று.

அப்படியாக, வெப்பப் பங்கீட்டு வாரியத்தின் ஆய்வாளர் நெற்றிக்கு மேல் இரண்டு காதுகளோடு காப்பி குடித்தார். வேணிக்கும் அவரே வெட்டி ஒட்டிக் கொடுத்தார். அவசரத்தில் முக்கோணமாக வெட்டிவிட்டார்.

"பூனை ஒன்று" என்றது வெப்பக்கண்.

"முயல் காது வெட்ட வராதுன்னு சொல்லியிருந்தா நானே வெட்டிக்கிட்டிருப்பேனே" என்றாள் வேணி.

"பூனை உங்களுக்கு நல்லாத்தானுங்க இருக்கு" என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னார் குழந்தைவேல்.

சரசு அதைக் கேட்காததுபோல் பெருக்கினாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

ஊர் விஷயம் ஊரில் நிற்குமா? பொங்கலுக்குள் மாவட்டத்தின் எல்லாப் பாலர் பள்ளியிலும் நீட்டு முட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். துணிக்கடைகளில் காது வைத்த குல்லாய் தொங்கியது. பெற்றவர்கள் காதில்லாமல் பிள்ளையை வாசலுக்குக்கூட விடவில்லை. குழந்தைவேலுக்கு மாவட்டத்து முயல்களை எல்லாம் நேரில் உறுதிசெய்யும் வேலை. எந்தத் திசையில் போனாலும் அந்தி சாயும் நேரத்துக்கு வடவள்ளி வழியாகத்தான் திரும்பினார்.

மாசி மாதத்தில் ஒரு காலை. வேணி அன்று பசை டப்பாவை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள். நறுமுகை குதித்து உள்ளே வந்தபோது, பழைய பசை விட்டு, இரண்டு காதும் ஒன்றாகக் கீழே விழுந்தன.

வேணி பாய்ந்து எடுப்பதற்குள் கூரை விர்ரென்றது. சரிபார்ப்பதுபோல் மறுபடி ஒருமுறை விர்ரென்றது.

"மனிதக் குழந்தை ஒன்று" என்றது வெப்பக்கண். "இந்தப் பின்பனிப் பருவத்தில், இம்மாவட்டத்தில், இதுவே முதலாவது. அரிய உயிரினமாகச் சேர்க்கப்படுகிறது. இருபத்தாறு டிகிரி. அன்புகூர்ந்து கவனமாகக் கையாளவும்."

காப்பிக்கு வந்திருந்த குழந்தைவேல் டம்ளரைக் கீழே வைத்தார். வேணி நறுமுகையின் குல்லாயைக் கழற்றித் தலையில் கை வைத்தாள். குல்லாய்க்கு அடியில் முடி இருந்தது, வியர்த்து, கோணலாக வகிடெடுத்து. இரண்டு மாதமாக அதை அவள் பார்க்கவில்லை.

"அப்பக் காதே வேண்டாமா மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே பிள்ளைகள் குல்லாயைக் கழற்றப் போனார்கள். "இருங்கடா" என்றாள் நறுமுகை. வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்துவிட்டுப் பேசினாள். "எல்லாரும் கழட்டுனா நாம மறுபடி நெறையப் பேரு ஆயிருவோம். அப்புறம் பதினாறுதான்."

வேணி ஆய்வாளரைப் பார்த்தாள். மறுத்துச் சொல்ல மாட்டாரா என்று இருந்தது. அவர் ஆமென்று தலையசைத்தார்.

"அவ சொல்றது சரிதானுங்க."

வேணி சால்வைக்குள் கையை விட்டாள். பசை இல்லை. குழந்தைவேல் தயங்கித் தன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். அக்குளில் வைத்திருந்திருக்கிறார், வெதுவெதுப்பாக இருந்தது.

"தினமும் ஒருத்தர் முறை வெச்சுக்கலாம்" என்றாள் வேணி, மற்ற பிள்ளைகளின் தளர்ந்த காதுகளில் பசை தடவிக்கொண்டே. "இன்னைக்கு நறுமுகை. மத்தவங்க எல்லாம் முயல்."

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ரஃபீக். ஃப்ரிட்ஜ் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"மிஸ், நாளைக்கு நான் குழந்தையா இருக்கட்டுமா?"