தேய்க்காத பந்து

சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு முன் இரண்டு புதுப் பந்துகளையும் மைதானத்து மண்ணால் தேய்த்து வழவழப்பைப் போக்குவது லீஸலின் வேலை. ஒன்றைத் தேய்ப்பதற்குள்ளேயே கை வலித்தது. 'முதலில் வீசுவது நான்தானே, நல்ல பந்து எனக்குத்தான் வரும்' என்று மற்றதைச் சும்மா விட்டுவிட்டாள்.

அம்பயரோ அந்தப் பளபளப்புப் பந்தையே அவளிடம் போட்டார்!

பந்து விரலில் நிற்கவில்லை. எதிரணிக்கு ஒரு ஓட்டம் போய்விட்டது. முதல் இன்னிங்ஸில் இரண்டு பந்துகளையும் பயன்படுத்தியாக வேண்டும் என்பது விதி. அதனால் தேய்த்த பந்து எதிரணியில் பந்து வீசும் ரோஸ்விக்குப் போனது. அதன்பிறகு விரும்பியதை எடுக்கலாம். இருவருமே தேய்த்ததைத்தான் எடுத்தார்கள்.

கடைசி இன்னிங்ஸ். லீஸலின் அணி அந்த ஒரு ஓட்டம் பின்தங்கியே இருந்தது. அவள் தோழி ஜெனலின் மட்டையால் விளாச, பந்து கோட்டுக்கு வெளியே ஓட்டம் தராத 'ஃபவுலாக'ப் பறந்து மைதானத்தை ஒட்டிய கரும்புக்காட்டில் தொலைந்தது. மிச்சம் இருந்தது பளபளப்புப் பந்துதான்.

ரோஸ்வி வீசினாள். கை வழுக்கிப் பந்து ஜெனலினின் தோளில் பொத்தென்று பட்டது.

"ஐயோ, வேணும்னு செய்யல!" ரோஸ்விக்கு அழுகையே வந்துவிட்டது.

பந்து பட்டவளுக்கு முதல் தளம் இலவசம்; ஜெனலின் தன் தோளைத் தடவிக்கொண்டே அங்கே புறப்பட்டாள். "இப்படியே வழுக்கட்டும்டி, நாமதான் ஜெயிப்போம்!" என்று லீஸலிடம் கிசுகிசுத்தாள்.

அடுத்து ஆட வேண்டியவள் லீஸல். மூஞ்சியில் பட்டால் என்ன ஆவது என்று பயம். உண்மையைச் சொன்னால் தோற்றுவிடுவோமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"சார், அந்தப் பந்தை நான் தேய்க்கவே இல்ல. சோம்பேறித்தனம். இப்போ தேய்ச்சுத் தரட்டுமா?"

அம்பயர் அவளை முறைத்தார். "என் கண்ணு முன்னாடியே தேய்."

உள்ளங்கை எரியும்வரை தேய்த்தாள்.

ரோஸ்வி பந்தை உருட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப பாரு, உன்னை அவுட்டாக்கறேன்!"

"ஆக்கித்தான் பாரேன்!"

முதல் பந்து நேராக வந்தது. லீஸல் காற்றை அடித்தாள். இரண்டாவதும் அப்படியே. இன்னொன்று தவறினால் அவுட்.

"உன்னை யாருடி தேய்க்கச் சொன்னது?" ஜெனலின் தளத்திலிருந்து கத்தினாள்.

மூன்றாவதும் நேராகத்தான் வந்தது. இனிப் பயமில்லை. லீஸல் முழு பலத்தோடு மட்டையை வீசினாள். பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்து கரும்புக்காட்டுக்குள் விழுந்தது. ஜெனலினும் அவளும் ஓடி முடிக்க, இரண்டு ஓட்டம், வெற்றி!

ஆட்டம் முடிந்து ரோஸ்வியும் லீஸலும் கரும்புக்குள் நுழைந்து தேடினார்கள்.

"ரெண்டுமே கிடைக்கலன்னா?" என்றாள் லீஸல்.

"புதுசு வாங்குவாங்க. ஆளுக்கு ஒண்ணு தேய்ப்போம்," என்றாள் ரோஸ்வி.