கண்ணளவுத் தெரு

அந்தத் தெருவில் ஒருத்தர் உடம்பிலும் உடுப்பு பொருந்தி உட்காரவில்லை. வீடு பார்க்கப் போன முதல் நாளே டெய்லரக்காவின் கண்ணில் பட்டது அதுதான். வேறு யாராவது என்றால் சுவரில் விரிசல் உண்டா, குழாயில் தண்ணீர் வருமா என்று பார்த்திருப்பார்கள். இவள் பாதி ஆயுளைத் தையல் மிஷினுக்கு முன்னால் கழித்தவள். கடவுளே நேரில் வந்து நின்றாலும் முதலில் தோள்பட்டைத் தையலைத்தான் பார்ப்பாள். எதிர் வீட்டம்மாவின் ரவிக்கை தோளிலிருந்து வழுக்கி முழங்கையைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்காரர் போட்டிருந்த சட்டைக்குள் இன்னொரு வீட்டுக்காரரைத் தாராளமாகக் குடிவைக்கலாம். தெருவில் ஓடிய ஒரு சிறுமியின் கவுன் தரையைப் பெருக்கியது. துணியெல்லாம் நல்ல துணி, வறுமை இல்லை. தைத்த கைதான் யாரையும் தொட்டுப் பார்க்காத கை.

"இங்க டெய்லரே கிடையாதா?" என்று வீட்டை விற்கிறவரிடம் கேட்டாள்.

"இருந்தாங்க," என்றார் அவர். அப்புறம் அவசரமாக, "இப்ப பக்கத்து ஊர்லதான் குடுக்கறோம். எல்லாம் கண்ணளவுதான்," என்று சிரித்தார். சிரிப்பும் அவர் முகத்தில் கொஞ்சம் தொளதொளவென்றுதான் கிடந்தது.

அக்கா பயப்படவில்லை, மனதுக்குள் குஷிப்பட்டாள். ஒரு தெருவே வாடிக்கையாக வாசலில் நிற்கிறதே!

இந்த வயதில் தனியாக ஒரு வீடு எதற்கு என்று கேட்பவர்கள் அவள் தம்பி வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து பார்க்கலாம். அங்கேதான் அவள் மிஷின். யார் ஏறி இறங்கினாலும் உச்சந்தலையில் தூசி. தம்பி பெண்டாட்டியைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது, எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரித்த முகத்தோடுதான் வீடு பெருக்கும்போதெல்லாம் மிஷினை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுவாள். கடைசியில் நிமிர்ந்து உட்கார இடம் போதாமல் போனது. அன்றைக்குத்தான் அக்கா வீடு தேடக் கிளம்பினாள். பழைய கிராமம், பழைய வீடு, தன் பெயரில் ஒரு கதவு. அவள் கேட்டது அவ்வளவுதான்.

"உன்னை நல்லா ஏமாத்தப் போறாங்க பாரு," என்றான் தம்பி. "பத்திரத்துல ஒண்ணு இருக்கும், மண்ணுல ஒண்ணு இருக்கும். அப்புறம் இங்கதானே திரும்பி வரணும்?"

ஏமாற்றுவார்கள் என்று சொன்னதுகூடப் பரவாயில்லை. திரும்பி வரணும் என்றானே, அது போய்க் குத்தியது. மறுநாளே விற்கிறவரிடம் சொல்லிவிட்டாள், சர்வே பண்ணாமல் கையெழுத்து இல்லை என்று.

"இந்தத் தெருவுல யாரும் அளக்கறதில்லம்மா. எங்கப்பா கண்ணால பாத்து வாங்கினாரு. நானும் கண்ணாலயே காட்டிடறேன். இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும்."

"கண்ணால பாத்தா உங்க சட்டை மாதிரிதாங்க முடியும்."

அவர் சாவியைக் கொடுத்தார். சர்வே நாளன்று ஊரில் இருக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

சர்வே அன்று சாயங்காலம் வானம் மூடிக்கிடந்தது. சர்வேயர் ஸ்கூட்டரில் தனியாக வந்து இறங்கினார். தொப்பைக்காரர், கலகலப்பானவர், பேசாமல் இருந்தால் மூச்சு முட்டும் ரகம்.

"கூட வர்ற ஆளு லீவுக்கா. டேப் முனையை நீங்களே புடிச்சுக்கறீங்களா?"

"நான் புடிக்காத டேப்பா?"

அந்த டேப் ஒரு கைப்பிடி உருளையில் சுற்றிக்கிடந்தது. நுனியில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இரும்பு வளையம். வளையத்தை ஒருவர் எல்லையில் பிடித்துக்கொள்ள வேண்டும். உருளையை வைத்திருப்பவர் மறுமுனையில் இழுத்துப் பிடித்து அளவைப் படிப்பார். வீட்டுக்குள் போகிற குரல் சரியாகக் கேட்காது என்பதால் சர்வேயர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முனையிலிருந்து ஒரு இழுப்பு வந்தால் பிடித்தாச்சு, இரண்டு இழுப்பு வந்தால் படித்தாச்சா, விடலாமா. அளந்த மூலைகளில் ஒரு டப்பாவிலிருந்து சுண்ணாம்புத் தூளைக் கொட்டி அடையாளம் வைப்பார்.

முகப்பின் அகலத்தை அளப்பதற்காக டேப் தெருப்பக்கம் தரையில் விழுந்த அந்தச் சர்ரென்ற சத்தத்துக்கே எதிர்வரிசை ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. தெருவில் விளையாடிய பிள்ளைகளை யாரோ அதட்டி உள்ளே இழுத்துப்போனார்கள். எதிர் வீட்டம்மா மட்டும் கதவைப் பாதி திறந்து, ரவிக்கையைத் தோளில் ஏற்றிவிட்டபடி கூப்பிட்டார்.

"அம்மா, வீட்டை வாங்கிக்கோங்க. குடி இருங்க. நாங்க வேணாங்கல. அதை மட்டும் சுருட்டி வெச்சுடுங்க."

"ஏங்க? டேப் கடிக்குமா?"

"எங்க பிள்ளைங்க எவ்ளோ வளந்திருக்குன்னுகூட நாங்க சுவத்துல கோடு போட்டுப் பாத்ததில்லம்மா."

அவ்வளவுதான். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"கிராமத்துல இப்படித்தான் பயமுறுத்துவாங்க," என்றார் சர்வேயர். "பக்கத்து இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அமுக்கியிருப்பாங்க, வேறென்ன?" அக்காவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அமுக்குகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கொல்லை மூலைகளுக்கும் அடையாளம் வைத்து, டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு, நீளத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டார்கள். வாசல், கூடம், உள்ளறை, சமையலறை, கொல்லைக்கதவு எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருந்த வீடு அது. வாசலில் நின்று பார்த்தால் கொல்லைச் சுவர் வரை குழாய்க்குள் பார்ப்பதுபோலத் தெரியும். அக்கா வளையத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகத் தாண்டிப் போனாள். அவளுக்குப் பின்னால் டேப் நிலைப்படிகளில் உரசி உரசி வந்தது. பூட்டிக்கிடந்த வீட்டின் புழுக்கமும், எலி மூத்திரமும், அதற்கெல்லாம் அடியில் வெகுகாலம் பெட்டிக்குள் மடித்து வைத்த துணியின் வாடையும் சேர்ந்து, வாயைத் திறந்தால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும்போல் இருந்தது. கொல்லையில் இடுப்புயரப் புதர். அதைத் தாண்டி மண்சுவர். சுவரில் வளையத்தை அழுத்தி ஒருமுறை இழுத்தாள்.

சர்வேயர் படித்தார். சரியாகத்தான் இருந்தது. உறுதிக்காக இன்னொருமுறை படித்தார். ஒரு சாண் குறைந்தது. மறுபடி. இன்னும் ஒரு சாண் குறைந்தது.

"அக்கா, சுவத்தை ஒட்டித்தானே புடிக்கிறீங்க?" குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

ஒட்டித்தான் பிடித்திருந்தாள். ஆனால் அவள் உள்ளங்கைக்கு அடியில் அந்த மண்சுவர் மெல்ல, மிக மெல்ல, வாசல் பக்கமாக நகர்ந்தது. புதர் இலைகளெல்லாம் ஒரே திசையில் வீட்டை நோக்கிச் சாய்ந்தன. சமையலறை ஜன்னல் உள்பக்கமாக இழுபட்டு முனகியது.

அக்காவுக்கு முதுகு சிலிர்த்தது. ஆனால் இந்தச் சேட்டை அவளுக்குப் புதிதல்ல. இடுப்பளவு எடுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை ஒளிக்கிற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! அவர்களை என்ன அதட்டு அதட்டுவாளோ அதே அதட்டலில், சத்தமாகவே சொன்னாள்.

"ஒழுங்கா நில்லு. மூச்சை விடு."

ஒரு கணம் எதுவும் அசையவில்லை. பிறகு வீடு மூச்சை விட்டது. அறைக் கதவுகள் வரிசையாகச் சுவரில் மோதின. வெதுவெதுப்பான ஒரு காற்று சமையலறை வழியாக வந்து அவள் முந்தானையைத் தூக்கிவிட்டுப் போனது. கைக்கு அடியில் சுவர் தன் இடத்துக்குத் திரும்பியது.

சர்வேயரிடமிருந்து சத்தமே இல்லை. பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர். அக்கா வளையத்தைச் சுவரோரம் தரையில் போட்டுவிட்டு, சுவரையொட்டிய சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அவர் வாசற்படியில் உருளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை.

"இழுக்காதீங்கக்கா," என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "அறுந்துடும். ஏன் இப்படி இழுக்கறீங்க?"

"நான் இங்க இருக்கேன்," என்றாள் அக்கா, அவர் தோளருகில்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். அது கூடத்தைத் தாண்டி, உள்ளறையைத் தாண்டி, இருட்டிக்கொண்டு வந்த சமையலறைக்குள் வீணைக் கம்பிபோல விறைத்து நின்றது.

மறுமுனையிலிருந்து ஒரு இழுப்பு.

பிடித்தாச்சு.

சர்வேயர் உருளையைப் போட்டார். செருப்பில் ஒன்றை அங்கேயே விட்டார். ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் தெருமுனை வரை கேட்டது, அதற்கப்புறம் கேட்கவில்லை. உருளை கூடத்துத் தரையில் தடதடவென்று உருண்டு உள்ளே ஓடியது. அக்கா பாய்ந்து அதைக் காலால் மிதித்தாள்.

ஏன் மிதித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஓடியிருக்கலாம். தெரு திறந்துதான் கிடந்தது. ஓடினால் எங்கே போவாள்? அந்தப் படிக்கட்டுக்கு அடியில். தலையில் தூசி. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று தம்பி. பக்கத்தில் அந்தச் சிரித்த முகம்.

"மாட்டேன்," என்றாள். குனிந்து உருளையை எடுத்தாள். கைப்பிடியைச் சுற்றினாள்.

கனத்தது. சுற்றச் சுற்ற அவளும் ஓர் அடி ஓர் அடியாக உள்ளே போனாள். டேப்பில் லேசான அதிர்வு. உடம்பைச் சுற்றி அளவெடுக்கும்போது அடுத்தவர் நாடி விரலில் தட்டுமே, அப்படி. உள்ளறையில் துணிவாடை மூக்கை அடைத்தது. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே காலை வைத்ததும் நின்றது.

கொல்லைக்கதவு. நிலைப்படியில் நின்றாள்.

யாரும் இல்லை.

டேப் புதருக்கு மேலாக, ஆள் கை உயரத்தில், காற்றில் நின்றது. வளையத்தை யாரும் பிடித்திருக்கவில்லை. வளையம் விறைப்பாக நின்றது.

"யாரு இடம்னு நெனச்சே?" என்றாள் அக்கா. குரல் நடுங்கியது. நடுங்கினாலும் முழுசாகச் சொன்னாள். "நாளைக்குக் கையெழுத்து. அப்புறம் இது என் வீடு. விடு அதை."

இரண்டு இழுப்பு.

டேப் தொய்ந்தது. புதரில் விழுந்தது. அவள் மளமளவென்று சுற்றினாள். வந்தது. லேசாக, ஈரமாக, வந்துகொண்டே இருந்தது. நுனி வந்தது. நுனியில் வளையம் இல்லை.

பின்கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது.

இரும்பு. வட்டமாக.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பின்கழுத்திலிருந்து அந்தக் குளிர்ச்சி முதுகெலும்பு வழியாக நேராக இறங்கியது. இடுப்பு. முழங்கால். குதிகால். அங்கே நின்றது. யாரோ படித்துக்கொள்வதுபோல. அப்புறம் ஒரு தோள்முனையிலிருந்து மறு தோள்முனைக்கு. சுத்தமான கை. எங்கே தொட வேண்டுமோ அங்கே மட்டும் தொட்டது. தொழில் தெரிந்த கை.

பிறகு விட்டுவிட்டது.

கொல்லையில் சர்வேயர் வைத்துவிட்டுப் போன சுண்ணாம்பு டப்பா சாய்ந்தது. தூள் தரையில் கொட்டவில்லை, கோடாக ஓடியது. புதர்த் தண்டுகள் தாமாக விலகி வழிவிட்டன. நேராக ஒரு கோடு. திருப்பம். குறுக்கே ஒரு சின்னக் கோடு. திருப்பம். மறுபடி நீளம். மறுபடி குறுக்கு. துணியை வெட்டும் முன் சாக்பீஸால் போடுவார்களே, அப்படி மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு வடிவம். ஒருத்தி நீளம். ஒருத்தி அகலம். உள்ளே இருந்த மண் ஓரங்களில் மெல்ல விட்டுக்கொடுத்து இறங்கத் தொடங்கியது.

அக்காவின் கண் பழக்கதோஷத்தில் அந்தக் கோடுகளை மேலிருந்து கீழாக ஓடிப் பார்த்தது. பார்த்ததும் முகம் சுளித்தது. பக்கத்து ஊர் டெய்லர் எவனோ தைத்துக் கொடுத்ததைப் பார்ப்பதுபோல.

தலையை நிமிர்த்தினாள்.

"கட்டையா இருக்கு," என்றாள். அந்தக் குரல் கொல்லைச் சுவரில் பட்டுத் திரும்பியது. "அளவு தப்பு. நான் இதுல அடங்கமாட்டேன்."

மண் இறங்குவது நின்றது. தெருவில், வீட்டில், புதரில், எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு அவள் பின்கழுத்தில் அந்த வளையம் மறுபடி வந்து அமர்ந்தது. இந்தமுறை அவசரப்படாமல்.