ஆறு வோல்ட்

கடையில் அந்தப் பெரிய ரேடியோவை முதலில் கைகாட்டியது தானா, தன் கணவர் அபுபக்கரா என்பது ஜொஹரா பீவிக்கு நிச்சயமாக நினைவில்லை. தான்தான் என்று ஒரு நாள் தோன்றும். அவர்தான் என்று மறுநாள் தோன்றும். வீட்டுக்குள் ஆசிட் வாடை வர ஆரம்பித்த பிறகுதான் இதை இப்படித் திருப்பித் திருப்பி நினைக்கலானாள். பேட்டரியே இல்லாத வீட்டில் பேட்டரி வாடை.

ரேடியோ வாங்கியதற்கு முந்திய வருஷப் புயல்காற்றில் அவளுடைய வாப்பா கடலோடு போய்விட்டார். காற்று வரப்போவதைத் திருச்சி ரேடியோ ஸ்டேஷனில் இரண்டு நாளாகச் சொன்னார்களாம். கடலில் இருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? அதனால்தான் இருவரும் கோட்டைப்பட்டினத்தில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் அய்யாக்கண்ணுவின் கடைக்குப் போனார்கள். வள்ளத்தில் வைக்க வேண்டும் என்றதும் அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று டார்ச் லைட் பேட்டரிக் கட்டையில் பாடும் கையகல டிரான்சிஸ்டர். மற்றது கார் பேட்டரியில், ஆறு வோல்ட்டில் ஓடும் மரப்பெட்டி.

"மீனுக்குப் பாட்டுப் போடவா பாய்?"

"எனக்குத்தான். வீட்ல இவ பேச்சக் கேட்டே பழகிட்டேன். கடல்ல சத்தமில்லாம தூக்கம் வர மாட்டேங்குது" என்றார் அபுபக்கர்.

காற்று இரைச்சலிலும் கேட்க வேண்டும், பெரியதுதான் சரி என்று இருவரில் ஒருவர் சொன்னார்.

அய்யாக்கண்ணு பேட்டரியின் மூன்று மூடிகளையும் திருகிக் காட்டினார். "தண்ணி கொறஞ்சா மழைத்தண்ணிதான் ஊத்தணும் தங்கச்சி. ஒங்க ஊரு உப்புத்தண்ணி ஒரு கை பட்டாலும் செத்துப்போகும்."

இது மட்டும் அவளுக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

மூன்று மாதம் மழைத்தண்ணீரைத்தான் ஊற்றினாள். பிறகு வள்ளத்தில் தெளிக்கச் சொல்லிப் பள்ளிவாசல் லெப்பை ஒரு செம்பில் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். தெளித்ததுபோக மிச்சம் இருந்தது. வள்ளத்தைக் காப்பதே அந்தப் பெட்டிதானே என்று நினைத்து, பேட்டரியின் மூன்று குழிகளிலும் பிஸ்மி சொல்லி ஊற்றினாள். பள்ளிவாசல் கிணறும் உப்புக் கிணறுதான். ஓதிய தண்ணீரை அவள் கிணற்றுத் தண்ணீராக நினைக்கவில்லை.

அடுத்த வாரம், வள்ளத்துக் கூட்டாளி இன்னாசி காய்ச்சலோடு கரை இறங்கினான். "செட்டு முனகுது தங்கச்சி. பேட்டரிய அறந்தாங்கிக்குச் சார்ஜுக்கு அனுப்புங்க."

"சரியாயிரும்ணே" என்றாள். ஓதிய தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றி அனுப்பினாள்.

இன்னாசிக்குப் பதிலாகச் சந்தனம் என்பவன் ஏறிக்கொண்டான். மூன்றாம் நாள் காற்று வந்தது.

அபுபக்கருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த மறுவாரம் இன்னாசி ஒரு கோணிச்சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"வலையில வந்துச்சு தங்கச்சி" என்றான். சாக்கைத் தரையில் இறக்கினான்.

சாக்கில் அந்த மரப்பெட்டி இருந்தது. சிப்பி ஒட்டியிருந்தது. பின்னால் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் நுனி பச்சை பூத்துத் தொங்கின. பேட்டரி இல்லை.

அவள் அதை உள்ளறை மாடத்தில் வைத்தாள். எத்தனை வெயிலில் காயவைத்தாலும் மாலையில் அதன் அடிப்பலகை நனைந்திருந்தது. மகரிப் தொழுகை முடிந்து, தெருவில் பேச்சுக் குரல்கள் அடங்கி, அடுப்புப் புகையும் காயும் கருவாட்டு வாடையும் ஓலைக்கூரைக்குள் தங்கி நிற்கும் நேரத்தில், எலி பிறாண்டுவதுபோல ஒரு கரகரப்பு மாடத்திலிருந்து கிளம்பும்; அதற்குள்ளே தூரத்தில் அலை புரளுவதுபோலவும், வள்ளத்தின் நனைந்த பாய் காற்றில் அடித்துக்கொள்வதுபோலவும் கேட்கும். பிறகு நின்றுவிடும். அவள் விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒன்பதாம் நாள் கரகரப்பு நிற்கவில்லை. ஆசிட் வாடையில் தொண்டை கமறியது. விளக்கு அணைந்தது.

மாடத்தின் அருகே போனாள். காதை வைத்தாள். யாரோ மூச்சு வாங்கினார்கள். பேச வருகிறது; குரலுக்குப் பலமில்லை. முனகல். மறுபடி முனகல். இன்னாசி சொன்னானே, அதே முனகல்.

ஒயர்கள் ஈரமாக இருந்தன. சிவப்பை ஒரு கையில் பிடித்தாள். கறுப்பை மறு கையில்.

நெஞ்சுக்குள்ளிருந்து எதுவோ உருவப்பட்டது.

டயலில் மஞ்சள் வெளிச்சம்.

"காத்து வருதா புள்ள?"

அவர்தான். பதற்றமில்லாத குரல். செய்திக்குக் காத்திருப்பவரின் குரல். இன்னமும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"வருதுங்க" என்றாள். "கரைக்கு வந்துருங்க. வந்துருங்க."

டயல் கண்ணாடியின் உட்புறம் பனித்திருந்தது. ஒரு விரல் அதை உள்ளிருந்து மெல்லத் துடைத்தது.

அபுபக்கரும் சந்தனமும் கரைக்கு வரவேயில்லை. இன்னாசி கடலை விட்டுக் கறம்பக்குடிப் பக்கம் கடலைக்காட்டு வேலைக்குப் போய்விட்டான். அய்யாக்கண்ணு கடையில் இப்போது பெரிய பெட்டி கிடையாது. எல்லாரும் சின்னதையே வாங்குகிறார்கள். ஜொஹரா பீவி அதே வீட்டில் இருக்கிறாள். வெளுத்து, மெலிந்து, உள்ளங்கை இரண்டிலும் கறுத்த வடுவோடு. அந்தத் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. மகரிபுக்குப் பிறகு அவள் வீட்டுச் சன்னலில் மட்டும் மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரியும், நாளுக்கு நாள் கொஞ்சம் மங்கலாக.