பூஜ்யத்தின் கழுத்து

முப்பத்தோராம் எண் கழுத்துப்பட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு கழற்ற மறந்தவர் புருஷோத்தமன். வேறு யார் மீதும் பழி போட வழியில்லை. விளக்கு எரிகிறதா என்று பார்க்கத்தான் மாட்டினார். அதற்குள் யாரோ காப்பி கொண்டுவந்தார்கள். மேலே அணியின் நீலத் துண்டைப் போர்த்திக்கொண்டு, தேர்வு ஆட்டத்தின் தொண்ணூறு நிமிடத்தையும் பட்டையும் கழுத்துமாக உட்கார்ந்து பார்த்து முடித்தார். எண்ணூர் திமிங்கிலங்கள் அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர் அவர்தான். மூன்று வருடமாக அந்த அணி கடைசி இடத்தில் இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பட்டை என்பது இன்மைமானியின் காது. மாட்டியவரின் உடலையும் பழைய பதிவுகளையும் படித்துவிட்டு, இந்த ஆள் இல்லாமலே போயிருந்தால் ஒரு பருவத்தில் எத்தனை கோல் வித்தியாசப்பட்டிருக்கும் என்று அது சொல்லிவிடும். கோல் அடிப்பவனை எல்லோருக்கும் தெரியும். விழாத கோலைத் தடுத்தவனை யாருக்கும் தெரியாது. அந்த அநியாயத்தைத் தீர்க்க வந்த இயந்திரம் இது என்று கால்பந்துக் கூட்டமைப்பு மார்தட்டியது. ஆறு வருடத்தில் பத்து அணிகளின் தேர்வாளர்களும் ஆட்டத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். மதிப்பு ஒளிரும் பலகையைப் பார்த்தால் போதும். புருஷோத்தமனாவது ஆட்டத்தைப் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் புரியாது என்பது வேறு விஷயம்.

மாலையில் பலகை ஒளிர்ந்தது. லோகபிரியன், முன்களம், இருபத்திரண்டு. கைதட்டல். கடைசி வரியில்: ஆன்றோ, பின்களம், எண் முப்பத்தொன்று, பூஜ்யம்.

அரங்கமே சிரித்தது. அதுவரை யாருக்கும் சுத்தமான பூஜ்யம் வந்ததில்லை. "இவனுக்குப் பதிலா கொடிக்கம்பத்தை நிறுத்தலாம். அதுமேல பட்டாவது பந்து திரும்பும்" என்றார் புருஷோத்தமன். பக்கத்து அணித் தேர்வாளர்கள் அவர் முதுகில் தட்டினார்கள். நல்ல நகைச்சுவை என்ற பெருமிதத்தில் கழுத்தைச் சொறிந்தார். விரலில் பட்டை தட்டுப்பட்டது.

துண்டுக்குள்ளேயே அதைக் கழற்றிப் பார்த்தார். முப்பத்தொன்று.

எழுந்து அணியின் அறைக்கு ஓடினார். வெளியே பெஞ்சில் ஆன்றோ பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன், இருபத்தோரு வயது.

"சார், எனக்க பேர அடிச்சிருவினுமா?"

"ஆட்டத்துக்கு முன்னாடி பட்டை இல்லைன்னு என்கிட்ட வந்து சொன்னியா?"

"சொன்னேன் சார். எல்லாருக்கும் மாட்டியாச்சு, போடா உள்ளன்னு சொன்னிய."

சொல்லியிருப்பார். அப்போது அவர் காப்பியில் சர்க்கரை இல்லையென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே மெஹருன்னிசா மட்டும் இருந்தாள். பதின்மூன்று வருடமாக அவருடைய உதவியாளர். பட்டையை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

"தேர்வு மணி அடிக்கிறதுக்குள்ள சொல்லலைன்னா அந்தப் பையன் பேரைப் பதிவேட்டிலிருந்தே எடுத்துடுவாங்க சார். பூஜ்யத்துக்கு மறுதேர்வு கிடையாது."

"சொன்னா பூஜ்யம் நான்னு ஊருக்கே தெரியும். மேடம் என்னை நிக்கவெச்சே அனுப்பிடுவாங்க."

"ஆமா சார்."

ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் பட்டையின் தூசியைத் துடைத்தாள். புருஷோத்தமன் இரண்டு முறை கதவு வரை போய்த் திரும்பினார். மூன்றாவது முறை கதவைத் திறந்தபோது பெஞ்சில் இருந்தவன் எழுந்து நின்றுவிட்டான். அப்புறம் திரும்பி வர முடியவில்லை.

கூட்டமைப்பு அதிகாரியிடம் அவர் சொன்னபோது ஒலிவாங்கி திறந்திருந்தது. இந்த முறை அரங்கம் சிரித்த சிரிப்பில் முந்தைய சிரிப்பு ஒத்திகை போலாகிவிட்டது. அணியின் முதலாளி கோமளா மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"மிஸ்டர் புருஷோத்தமன், உங்களுக்குச் சம்பளம் கொடுத்து வெச்சிருந்ததும் கொடுக்காம இருந்திருந்ததும் ஒண்ணு. அப்படித்தானே?"

"இயந்திரம் அப்படித்தான் சொல்லுது மேடம்."

"நான் மைனஸ்லதான் வரும்னு நினைச்சேன். போய் லோகபிரியனை எடுங்க. படத்துக்கு நல்லா இருப்பான். நாளைக்குக் காலையில உங்க மேசையைக் காலி பண்ணிடுங்க."

ஆன்றோவின் பெயர் பட்டியலில் திரும்ப ஏறியது, மதிப்புக்கு எதிரே ஒரு கோடு மட்டும் போட்டு. கோடு போட்ட ஆளை எந்த அணியும் தொடாது. பலகை சொல்லாததைக் கண்ணால் பார்த்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

கடைசி இடத்து அணிதான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கௌரவத்தைத் திமிங்கிலங்கள் மூன்று வருடமாகக் கைவிடவில்லை. மேடையின் ஓரத்தில் நின்றபோது புருஷோத்தமனை உறுத்தியது வேலையல்ல, மேடம் சொன்ன ‘மைனஸ்’ என்ற அந்த ஒரு வார்த்தை.

"மெஹர், மேடம் சொன்னது சரிதானேம்மா? மூணு வருஷமும் முன்கள ஆளா எடுத்துக் குவிச்சேன். போன பருவத்துல தொண்ணூத்தி நாலு கோல் வாங்கினோம். எனக்கு மைனஸ் முப்பதாவது வரணும். பூஜ்யம் எப்படி வந்துச்சு?"

மெஹருன்னிசா அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க செஞ்சதை எல்லாம் நான் பழையபடி திருப்பி வெச்சேன் சார். நம்ம பின்கள ஆள் செபமணியை வெளியே அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டீங்களே, அது என் இழுப்பறையில ரெண்டு மாசம் இருந்துச்சு. அப்புறம் நீங்களே மறந்துட்டீங்க. பின்களத்துக்கு ஆளே இல்லாத பட்டியல்ல கடைசி ரெண்டு பேரை நான் மாத்தி எழுதினேன். நீங்க படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டீங்க. நீங்க இருந்தாலும் இல்லாட்டியும் அணி ஒரே இடத்துலதான் நின்னிருக்கும். அதான் பூஜ்யம்."

"அப்போ அணி ஏன் மேல வரலை?"

"உங்க பின்னாடி ஓடவே நேரம் சரியாப் போச்சு சார். புதுசா எங்கிருந்து கட்டறது?"

அவள் நிறுத்தவில்லை. பதின்மூன்று வருடத்துப் பேச்சு சேர்ந்துகிடந்தது போல.

"இன்னொண்ணு சார். ரெண்டு நல்ல பின்கள ஆட்கள் பக்கத்துல பக்கத்துல நின்னா, இந்த இயந்திரம் ரெண்டு பேரையும் ஒண்ணுக்கும் உதவாதவங்கன்னுதான் சொல்லும். ஒருத்தர் இல்லாட்டி இன்னொருத்தர் பார்த்துப்பார் இல்லையா? ஆறு வருஷமா ஒண்ணு, அரைன்னு வந்து யாரும் எடுக்காம விட்டவங்க பட்டியல் என்கிட்ட இருக்கு. பாதிப் பேர் ஜோடி ஜோடியா இருக்காங்க. பத்து அணியும் சேர்ந்து நல்ல சுவரை இடிச்சுட்டு, தனியா நிக்கற தூணைப் பார்த்துக் கைதட்டுறாங்க."

மேடையில் மணி அடித்தது. முதல் வரிசையில் கோமளா மேடம் நிழற்படக்காரரிடம் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில், சுவரோரம், ஆன்றோ பையைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாராக நின்றான்.

தேர்வுப் பலகையில் கை வைக்க அனுமதி உள்ளவர் நாளைக் காலை வரை புருஷோத்தமன் ஒருவர்தான். ஒவ்வொரு வருடமும் இதே படியில் நின்று இதே கேள்வியைக் கேட்பார். "உங்க இஷ்டம் சார்" என்பாள். அவரும் தன் இஷ்டப்படி நாசம் செய்துவிட்டு வருவார்.

"முன்களமா, பின்களமா?"

மெஹருன்னிசா அவர் தோளிலிருந்து நழுவிய நீலத் துண்டை எடுத்து மடித்தாள்.

"பின்களம். முதல்ல ஆன்றோ. இன்னைக்கு அவன் நின்ன பக்கம் பந்தைக் கொண்டுவர ஒருத்தனும் துணியலை, நான் ஆட்டத்தைப் பார்த்தேன். ரெண்டாவது சுற்றும் பின்களம். மூணாவதுல உங்க ஆசைக்கு ஒரு முன்கள ஆளை எடுத்துக்குங்க சார், ஆனா அழகில்லாதவனாப் பார்த்து எடுங்க."